காணிக்கு யார் காவல்?

1998 ஜனவரி 28 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம். அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மற்ற 19 பேர் விடுதலையானார்கள். கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்னையிலிருந்து போகும் நெடுஞ்சாலை பூந்தமல்லி வழியாகத்தான் போகிறது. சதி செய்தவர் யார், துணை நின்றவர் யார் என்று ஆராய்வதோடு அந்த நீதிமன்றத்தின் வேலை முடிந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்த போர் பெங்களூர் நெடுஞ்சாலை வரை எப்படி வந்து சேர்ந்தது என்பது அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி அல்ல.

அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறவர்கள் 1956-இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும், 1983 ஜூலைப் படுகொலைகளையும் வரிசையாகச் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே தொடங்கி, 2009 மே மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னும் ஓயாதது காணிப் பிரச்சினை. அது கிளப்பிய போரிலிருந்து தப்பி, 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகக் கரைக்கு வந்தார்கள். பூந்தமல்லி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் அவர்களுக்குப் பெரிய முகாம் உண்டு. போராளி இயக்கங்களோடு தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அடைத்துவைக்கும் சிறப்பு முகாம் ஒன்று பூந்தமல்லியிலும் இருந்தது.

ஒரே மண்ணை உரிமை கொண்டாடும் இனங்கள் அமைதியாகச் சேர்ந்து வாழ முடியுமா? இதற்கு இரண்டு பதில்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. பகை ரத்தத்திலேயே ஊறியது, பிரிவதே வழி என்கிறது ஒன்று. மக்கள் நல்லவர்கள், அரசியல்வாதிகள்தான் கெடுத்தார்கள் என்கிறது மற்றொன்று. இரண்டுமே விடையை மனித மனத்தில் தேடுகின்றன. இலங்கையின் எழுபது, எண்பது ஆண்டுக் காணி வரலாற்றைப் படிக்கும்போது வேறோர் இடத்தில் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. நிலத்தைப் பங்கிடும் கை யாருடையது, அந்தக் கையைத் தட்டிக்கேட்க இரு தரப்பும் போய் உட்காரக்கூடிய இடம் உண்டா என்பதே முதல் கேள்வி. அப்படி ஓர் இடம் இருந்தால் பிடிக்காத அயலாரோடும் மனிதர்கள் காலம் தள்ளுவார்கள். அது இல்லாதபோது, நல்ல அயலாரும் எல்லைக் காவலர்களாகிவிடுவார்கள்.

அரசே பெரிய நிலக்கிழார்

இலங்கை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுக்குச் சொந்தம். இதற்கு அடித்தளம் போட்டது ஆங்கில ஆட்சி. 1840-இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும், இடைவெளி விட்டுப் பயிரிடப்பட்ட சேனை நிலங்களையும் அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்தது. மலையகத்தில் அந்த நிலம் காப்பித் தோட்டக்காரர்கள் கைக்குப் போனது. கண்டிச் சிங்களக் கிராமங்கள் காட்டையும் மேய்ச்சலையும் இழந்தன. தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஒரு சாண் நிலமும் இல்லாமல் லயன் அறைகளில் அடைந்தார்கள். சிங்களக் குடியானவரின் நிலப்பசி கட்டுக்கதை அல்ல. அதை மறைத்துவிட்டுக் காணிப் பிரச்சினையைப் பேசுவது நேர்மையாகாது.

அந்தப் பசிக்கு விடையாக 1935-இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வேளாண்மை, காணி அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்க இதன் முதன்மை ஆள். நெரிசலான ஈரவலயத்திலிருந்து நிலமற்றவர்களைக் கூட்டிவந்து, பாழடைந்த குளங்களைத் திருத்தி, உலர்வலயத்தில் குடியேற்றுவது அவர் திட்டம். சிங்கள மக்களுக்கு இது அநுராதபுரம், பொலன்னறுவைக் காலத்து நீர்ப்பாசனப் பெருமையை மீட்கும் பணி. உலர்வலயத்தின் வடகிழக்கு விளிம்பில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் அதே வாய்க்காலில் வேறொன்றைக் கண்டார்கள். குடியேறுபவர் எண்ணிக்கை ஏற ஏற, தங்கள் மாவட்டம் தங்கள் கையை விட்டுப் போகும். வாக்குச்சீட்டும் அதோடு போகும்.

1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இதன் முதல் பெரிய களம். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் பார்த்து ஒரு தனி வாரியம் அமைக்கப்பட்டது. திட்டத்தில் தமிழர், முஸ்லிம் குடியேற்றங்களும் இருந்தன. பெரும்பங்கு சிங்களக் குடியேற்றங்களுக்குப் போனது. 1956 ஜூன் மாதம், மொழிச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதத்தில் இருந்தபோதே, நாட்டின் முதல் பெரிய தமிழர் எதிர்ப்புக் கலவரம் வெடித்ததும் கல்லோயாவில்தான். 1961-இல் அந்தப் பகுதி மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமானது.

திருகோணமலையின் கணக்கு இன்னும் தெளிவு. 1881 கணக்கெடுப்பில் அங்கே சிங்களவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. கந்தளாய், அல்லை, மொறவெவ ஆகிவிட்ட முதலிக்குளம் என்று வரிசையாகக் குடியேற்றங்கள் வந்தன. 1981-இல் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக நின்றார்கள்.

குடியேறிய சிங்களக் குடும்பங்கள் படையெடுத்து வந்தவை அல்ல. பல இடங்களில் அவர்களே முதல் பலியானார்கள். வடக்கும் கிழக்கும் சந்திக்கும் மணலாற்றுப் பகுதியில் கென்ட், டொலர் என்ற இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்ட மலையகத் தமிழர்களைக் காந்தியம் அமைப்பு அங்கே குடியமர்த்தியது. 1984-இல் அரசு அவர்களை வெளியேற்றிவிட்டு, சிங்களக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் கொண்டுவந்து வைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கிக் குடிமக்களைக் கொன்றார்கள். அடுத்த சில நாள்களில் அருகிலிருந்த ஒதியமலையில் தமிழ் ஆண்கள் கொல்லப்பட்டார்கள். 1988-இல் மணலாறு, வெலிஓயா என்று அரசிதழில் பெயர் மாறியது. இத்தனை சாவிலும் நிலத்தைக் கொடுத்தும் பறித்தும் விளையாடிய கை ஒன்றே. தோட்டத் தொழிலாளி, கைதி, போராளி, சிப்பாய் என்று வந்துபோனவர்கள்தான் மாறினார்கள்.

மூன்று முறை எழுதி, மூன்று முறை கைவிட்டது

இரு தரப்பும் உடன்படவே முடியாது என்பது உண்மையானால், ஒப்பந்தங்களே இருந்திருக்கக் கூடாது. இருந்தன. அவற்றின் காணிப் பகுதிகள் வியக்கத்தக்க நுட்பத்தோடு எழுதப்பட்டவை.

1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம், பிராந்திய சபைகளை அமைத்து, குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தருவதாகச் சொன்னது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்து போராட, அன்றைக்கே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாடு தழுவிய கலவரம்.

1965 மார்ச் 24 அன்று டட்லி சேனநாயக்கவுடன் செல்வநாயகம் செய்த ஒப்பந்தம் ஒரு முன்னுரிமை வரிசையையே வகுத்தது. வடக்கு, கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி முதலில் அந்தந்த மாவட்டத்தின் நிலமற்றவர்களுக்கு. அடுத்து அவ்விரு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு. பிறகு நாட்டின் மற்றக் குடிமக்களுக்கு, அவர்களிலும் தீவின் பிற பகுதித் தமிழருக்கு முதலிடம். இதில் வெளியாருக்குக் கதவு மூடப்படவில்லை, வரிசை மட்டும் சொல்லப்பட்டது. நடைமுறையில் அந்த வரிசை நிற்கவில்லை.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அதன் பயனாக அதே ஆண்டு நவம்பரில் வந்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம் காணியை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. அரசுக் காணிகளின் பயன்பாட்டுக்கான தேசியக் கொள்கையை வகுக்க, எல்லா மாகாண சபைகளின் பிரதிநிதிகளும் இடம்பெறும் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்றும் எழுதியது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், அரசுக் காணியின் உரிமை மத்திய அரசிடமே தங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. நுவரெலியாவின் ஒரு தேயிலைத் தோட்டத்து நிலத்தை ஒட்டி எழுந்த வழக்கு அது. அதன் நிழல் வடகிழக்கு முழுவதும் விழுந்தது.

ஆக, சமாதான வாசகங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எழுதிய விதியைக் காக்க, எழுதியவர் இருவரும் உட்காரும் ஒரு நிரந்தர மன்றம்தான் ஒருமுறைகூட உருவாகவில்லை. பிரதமரின் மனம் மாறினால் ஒப்பந்தம் போனது. கட்சிக் கூட்டணி மாறினால் முன்னுரிமை வரிசை போனது.

அதிகாரம் தமிழர் கையில் இருந்தபோது

இந்த இடத்தில் தமிழக வாசகர் விரும்பாத ஒரு பக்கத்தையும் திருப்ப வேண்டும். காணியின் மீதான அதிகாரம் தமிழர் தரப்புக்கு வந்த இடங்களில் என்ன நடந்தது?

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று கட்டளை பிறந்தது. யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் வயலையும் கடையையும் விட்டு, பெரும்பாலும் புத்தளத்துக்கு, நடையாகவும் படகிலும் போனார்கள். தமிழ் பேசும் மக்கள் தமிழ் பேசும் மக்களுக்குச் செய்தது இது. 2002 ஏப்ரலில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் கையெழுத்திட்ட உடன்பாடு, முஸ்லிம்கள் திரும்பி வருவதையும், கிழக்கில் தங்கள் வயல்களில் பயிரிடுவதையும் அனுமதிப்பதாகச் சொன்னது. அதைக் கண்காணிக்கவும் நிலையான அமைப்பு இல்லை. சில வாரங்களில் வாழைச்சேனையில் மோதல் வெடித்தது.

போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. மன்னாரின் முசலிப் பகுதியில் இருபது ஆண்டுகளாக மனிதர் இல்லாத ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. 2012-இல் வனவளத் திணைக்களம் அந்தப் பரப்பின் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தது. மரத்தை வெட்டி வீடு கட்டிய முஸ்லிம்கள், வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று கொழும்பு ஊடகங்களில் குற்றவாளிகளானார்கள். விரட்டியவர்கள் போய்விட்டார்கள்; விரட்டப்பட்டதன் விளைவை வரைபடம் நிரந்தரமாக்கிவிட்டது.

பங்கிடுவது நீதிமன்றமே ஆனாலும் சிக்கல் வரலாம். கிழக்கில் அம்பாறை மாவட்டம் சுனாமியில் மிக மோசமாக அடிபட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கரையோர முஸ்லிம்கள். சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை நாட்டின் இன விகிதப்படி பங்கிட வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடிழந்தவர்களின் விகிதம் வேறு, நாட்டின் மக்கள்தொகை விகிதம் வேறு. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. விகிதாசாரம் என்ற நியாயமான சொல்லை எந்த எல்லைக்குள் வைத்து அளப்பது என்பதிலேயே அநியாயம் நுழைய முடியும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே நிலம் பங்கிடும் அதிகாரத்தை ஒரு கையிலிருந்து பிடுங்கி இன்னொரு கையில் கொடுப்பதால் மட்டும் பயம் போய்விடாது. அது இடம் மாறும்.

வயல்காரர்களின் ஏற்பாடு

அப்படியானால் சேர்ந்து வாழ்ந்த அனுபவமே இல்லையா? கிழக்கு மாகாணத்தின் நெல்வயல்கள் இதற்கு நல்ல சாட்சி. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, அங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தாய்வழிக் குடி முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இரு சமூகத்திலும் வீடு மகளுக்கே போகிறது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிகளின் பெயரால் பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. பல வட்டைகளில் (வயல் தொகுதிகளில்) தமிழ்ப் போடியாரின் (நிலக்கிழாரின்) வயலும் முஸ்லிம் போடியாரின் வயலும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

அந்த வாய்க்காலில் தண்ணீர் முறை வைப்பவர் வட்டவிதானை. விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் ஆள். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாக அரச அதிகாரிகள் முன்னிலையில் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் தேதியில் மதகு திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, மாடுகளை எந்தத் தேதிக்குள் வயல் பகுதியிலிருந்து அப்புறப்படுத்துவது என்று அங்கே முடிவாகும். தேதி தவறினால் தண்டம் உண்டு. இதில் அன்பைப் பற்றிய பேச்சே கிடையாது. கூட்டத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவரை ஒருவர் வெறுத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் போனது. சண்டை வந்தால் போய் நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது.

மாடுகள் எங்கே போகும்? பெரும்போகக் காலத்தில் மட்டக்களப்பின் மாடுகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குப் போவது தலைமுறை வழக்கம். மகாவலி அதிகாரசபையின் கீழ் வரும் அந்தத் தரைகளுக்குள் வெளிமாவட்டச் சிங்கள விவசாயிகள் வந்து சோளம் பயிரிட்டார்கள். மாடுகள் வெட்டுக்காயங்களோடு திரும்பின. 2023 செப்டம்பரில் தமிழ்ப் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வயலுக்கும் மாட்டுக்கும் இடையே உள்ளூரார் பல தலைமுறைகளாகக் கட்டிவைத்த ஒழுங்கு, அந்தக் கூட்டத்தில் ஒருநாளும் உட்காராத ஓர் அதிகாரத்தால் குலைந்தது. சோளம் போட்டவரும் ஏழை, மாட்டுக்காரரும் ஏழை. இருவரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க யாரும் இல்லை.

பகைக்கு இன வேற்றுமைகூடத் தேவையில்லை என்பதைப் பாக்கு நீரிணை காட்டுகிறது. ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கத்து விசைப்படகுகளுக்கும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களுக்கும் இடையே மொழி ஒன்று, கும்பிடும் சாமியும் பெரும்பாலும் ஒன்று. இருந்தும் இழுவைமடி வலைகள் வடக்கு மீனவரின் வலைகளையும் கடலடியையும் நாசம் செய்வதால் மோதல் ஓயவில்லை. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசப்படும் இரண்டு கரைகளுக்கு இடையே, மீன்பிடியைப் பங்கிட இரு தரப்பு மீனவரும் ஏற்கும் மன்றம் இன்னும் நிலைபெறவில்லை. ரத்த உறவு அந்த வேலையைச் செய்யவில்லை.

பிரித்துவிட்டால் தீருமா?

பிரிவினையை ஒரே தீர்வாகச் சொல்பவர்களுக்குச் சைப்ரஸ் தெரிந்திருக்க வேண்டும். 1974-இல் துருக்கிப் படை இறங்கியபின் கிரேக்கர் தெற்கிலும் துருக்கியர் வடக்கிலுமாக அந்தத் தீவு இரண்டாக வெட்டப்பட்டது. கொலை நின்றது, உண்மை. ஆனால் எல்லைக்கு அப்பால் விட்டுவந்த வீடு, தோப்பு, வயல் பற்றிய வழக்குகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், அரை நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை. கோடு போட்டதால் நிலக்கணக்கு தீரவில்லை. மூன்று சமூகமும் கலந்து வாழும் திருகோணமலையில் கோடு எங்கே போடுவது? எங்கே போட்டாலும் யாரோ ஒருவரின் வயல் மறுபக்கம் போகும்.

போஸ்னியா எதிர்த்திசையில் முயன்றது. 1995 டேட்டன் உடன்பாடு, விரட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் தன் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையைத் தந்தது. பன்னாட்டு அதிகாரிகள் உள்ளூர் அலுவலர்களைப் பதவிநீக்கம் செய்யும் அளவுக்கு அழுத்தம் கொடுத்ததால், ஏறத்தாழ இரண்டு லட்சம் கோரிக்கைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் தீர்க்கப்பட்டன. வீட்டைத் திரும்பப் பெற்றவர்களில் பலர் அதை விற்றுவிட்டோ மாற்றிக்கொண்டோ தங்கள் இனத்தார் இருக்கும் பக்கமே போய்விட்டார்கள். சொத்து திரும்பியது, அயல் திரும்பவில்லை. ஆனாலும் விற்றுவிட்டுப் போவது வேறு, பறிகொடுத்துவிட்டுப் போவது வேறு. முதலாமவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் கதையில் பழிவாங்கல் குறைவாக இருக்கும்.

ஒரே மாதிரி விதி, இரண்டு முடிவுகள்

பால்டிக் கடலில் ஓலாந்து என்ற தீவுக்கூட்டம் உண்டு. மக்கள் ஸ்வீடிஷ் பேசுபவர்கள், நாடு பின்லாந்து. ஸ்வீடனோடு சேர வேண்டும் என்று தீவினர் கேட்டார்கள். 1921-இல் உலக நாடுகள் சங்கம், தீவு பின்லாந்துக்கே என்று முடிவு செய்தது. பதிலுக்குத் தீவின் மொழிக்கும் நிலத்துக்கும் உறுதிப்பாடுகள் வாங்கித் தந்தது. ஓலாந்தில் தடையின்றி நிலம் வாங்க, அந்த மாகாணத்தின் வசிப்புரிமை வேண்டும். வெளியார் ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, போதிய ஸ்வீடிஷ் கற்றால் அதைப் பெறலாம். மத்திய அரசுக்கும் தீவுக்கும் அதிகாரச் சிக்கல் வந்தால், இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் அமரும் ஓலாந்துக் குழு அதைப் பரிசீலிக்கிறது. நூறு ஆண்டுகளாக அங்கே நிலத்துக்காக ரத்தம் சிந்தியதில்லை.

ஓலாந்து பணக்கார ஐரோப்பா, நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிடலாம். ஆனால் கிட்டத்தட்ட இதே வகை விதியைப் பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டமே அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு பெற்றெடுத்தது. 1891-இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், மிராசுதார்களின் பிடியில் குடிசை போடும் இடம்கூடத் தனதில்லாமல் இருந்த பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. ஒடுக்கப்பட்டவர்க்கு வழங்கப்பட்ட இந்தப் பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு விற்கக் கூடாது, விற்றால் செல்லாது என்ற நிபந்தனை பட்டாவோடு ஒட்டிக்கொண்டது. வெளியார் கைக்கு நிலம் போகாமல் காக்கும் அதே தடைதான்.

என்ன ஆனது? பெரும்பகுதி கைமாறியது. கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் நிலம் போனது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இன்று அந்த வட்டாரமெங்கும் மனைப்பிரிவுகள். கீழே கிடக்கும் நிலத்தின் பழைய நிபந்தனையைக் கேட்பார் இல்லை.

ஓலாந்தின் விதியும் பஞ்சமி விதியும் ஒரே குடும்பம். ஒன்றைக் காக்க இரு தரப்பும் சம பலத்தோடு உட்கார்ந்தார்கள். மற்றொன்றின் காவல் கிராமக் கணக்குப்பிள்ளையிடமும் பத்திரப்பதிவு அலுவலகத்திடமும் விடப்பட்டது. நிலம் இழந்தவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. நல்ல சட்டம் வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். இலங்கையின் 13ஆவது திருத்தம் இந்த நிமிடம்வரை பஞ்சமி நிலத்தின் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

போருக்குப் பின்

2013-இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்காகக் கையகப்படுத்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. அவற்றின் உரிமையாளர்கள் அப்போது நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். ஊர் மக்கள் நீதிமன்றம் போனார்கள். பின்னர் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. முழுமையாக இன்னும் இல்லை. முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் 2017-இல் பெண்கள் இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சில நிலங்களை மீட்டார்கள்.

2016-இல் ஒரு சிறிய, ஆனால் முக்கியமான திருத்தம் வந்தது. பத்தாண்டுகள் எதிர்ப்பின்றி அனுபவித்தால் அடுத்தவர் நிலம் உரிமையாகும் என்பது 1871-இன் ஆட்சியுரிமைச் சட்டம். போரால் விரட்டப்பட்டவர் எதிர்ப்புத் தெரிவிக்க வழியேது? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை அத்தகையோர் விஷயத்தில் கணக்கில் சேர்க்காமல் விடப் புதிய சட்டம் வழிசெய்தது. புத்தளத்து முஸ்லிமுக்கும் கும்மிடிப்பூண்டித் தமிழருக்கும் விரட்டப்பட்ட சிங்களவருக்கும் ஒரே விதியாகப் பொருந்தும் சட்டம் அது. இனத்தைப் பெயர் சொல்லாமலே இழப்பைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

2024 நவம்பர்த் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று இடங்களை வென்றது. சிங்களத் தலைமையுள்ள ஒரு கட்சிக்கு அங்கே அப்படி ஒரு வெற்றி முன்பு கிடைத்ததில்லை. காணிகளை விடுவிப்போம் என்ற வாக்குறுதிக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் 2025 மார்ச் 28 அன்று வந்த அரசிதழ் அறிவிப்பு, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரசுக் காணியாகும் என்றது. பத்திரம் எரிந்தவர்கள், நாட்டிலேயே இல்லாதவர்கள் எப்படி நிரூபிப்பார்கள்? எதிர்ப்பு எழுந்தது, உச்ச நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பழைய ஆட்சிகளைவிட நல்லெண்ணம் கொண்டதாகத் தெரிந்த ஓர் அரசும் அதே பழக்கத்தில் தடுமாறியது. தடுத்தது நல்லெண்ணம் அல்ல, போய் நிற்க ஒரு நீதிமன்றம் இருந்தது.

மண்ணுக்காக மோதிய மக்கள் சேர்ந்து வாழ முடியுமா என்றால், முடியும் என்பதே என் முடிவு, மூன்று நிபந்தனைகளோடு. நிலம் பங்கிடும் மன்றத்தில் அந்த நிலத்தில் வாழும் எல்லாச் சமூகங்களுக்கும் இடம் வேண்டும். வடகிழக்கில் அது தமிழரையும் சிங்களவரையும் மட்டுமல்ல, முஸ்லிம்களையும் சேர்த்தது. ஆட்சி மாறினாலும் கலையாத சட்ட அடித்தளம் அந்த மன்றத்துக்கு வேண்டும். விரட்டப்பட்டவர், திரும்பி வருகிறாரோ இல்லையோ, தன் உரிமையைத் தானே முடிவு செய்யும் வழி திறந்திருக்க வேண்டும். மூன்றில் எதற்கும் இனங்களுக்கிடையே பாசம் முன்நிபந்தனை அல்ல.

இதில் தமிழகத்துக்கும் வேலை உண்டு. 13ஆவது திருத்தம் என்று பொதுவாகக் கேட்பதைவிட, அதன் காணிப் பகுதியைக் குறிப்பிட்டுக் கேட்பது பயனுள்ளது. வடக்கு மாகாண சபையின் ஒரே தேர்தல் 2013-இல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018-இல் முடிந்தபின் அங்கே சபை இல்லை. சபை இல்லாமல் பிரதிநிதி இல்லை; பிரதிநிதி இல்லாமல் ஆணைக்குழு இல்லை. முகாமில் இருப்பவர்கள் ஊர் திரும்பலாமே என்று சொல்பவர்கள், எந்தக் காணிக்கு, எந்தப் பத்திரத்தோடு என்று யோசிப்பதில்லை. தமிழரின் காணிக்காகப் பேசும் வாய், முசலி முஸ்லிமின் காணிக்காகவும் காரணைத் தலித்தின் நிலத்துக்காகவும் அதே குரலில் பேசினால்தான் அது நியாயத்தின் குரல் என்று எதிர்த்தரப்பு நம்பும்.

சட்டப் புத்தகத்தில் ஏறி நாற்பது ஆண்டுகளை நெருங்கும் தேசிய காணி ஆணைக்குழுவுக்கு இன்னும் ஓர் உறுப்பினர்கூட நியமிக்கப்படவில்லை. இலங்கையில் இனங்கள் சேர்ந்து வாழுமா என்று கேட்கிறவர்கள், அதன் முதல் கூட்டம் எப்போது என்று முதலில் கேட்க வேண்டும்.